இலைச் சோறு, அண்டாச் சோறு

சொர்ணத்தைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதி குறைந்தவன் சாந்தோமில் கிடையாது. ஆனால் அவளைத் தெரிந்தவர்களில் பேனா பிடிக்கிறவன் நான் ஒருவன்தான். பெயர் காஸ்பர். பள்ளிக்கூட வாத்தியார். 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று கரும்பலகையில் அழகாக எழுதிப் போட்டு, பையன்களை நூறு தடவை எழுத வைத்துச் சம்பளம் வாங்கியவன். அந்த வாசகம் பையன்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

சொர்ணம் மயிலாப்பூர்க் கல்யாண வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவள். புருஷன் டிராம் தண்டவாளம் செப்பனிடும் கூலியாக இருந்து காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளைகள் இல்லை. எங்கள் தெரு முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் ஒரு குடிசை, நாலு ஆடு, ஒரு கீரைப் பாத்தி. அவ்வளவுதான் அவள் சொத்து. ஆனால் வேலைக்கு அவள் கூலி வாங்குகிற விதம் வேறு யாரிடமும் நான் பார்க்காதது. மாட வீதிகளில் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிற சுப்பராயனோடு அவளுக்கு ஒரு ஒப்பந்தம். பணம் வேண்டாம். கடைசிப் பந்தி முடிந்த பிறகு அண்டாவின் அடியில் மிஞ்சுகிற சோறு, காய்கறித் தோல், கோட்டை அடுப்புச் சாம்பல், கரைத்துப் பிழிந்த புளிச்சக்கை, தேங்காய் மட்டை, சாப்பிட்ட இலைகள் எல்லாம் அவளுக்கு.

"பணம் குடுத்தா கையில நிக்காது சார். சோறு குடுத்தா காஞ்சி நிக்கும்" என்று ஒருமுறை என் மனைவியிடம் பேசிக்கொண்டே எனக்கும் சேர்த்துச் சொன்னாள்.

காய்ந்து நிற்பது என்றால் வடகம். அண்டாச் சோற்றை ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டு, காலையில் பச்சை மிளகாய், உப்பு, சீரகம் சேர்த்து அரைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, பழைய வேட்டியை மணலில் விரித்துக் கிள்ளிக் கிள்ளி வைப்பாள். கடற்காற்றும் மாசி வெயிலும் சேர்ந்து மூன்று நாளில் கல்லாக்கிவிடும். மீன் உலர்த்துகிற பக்கம் போகவே மாட்டாள். மாட வீதிப் பக்கத்துச் சைவ வீடுகளும் அதை வாங்க வேண்டுமே.

ஆனால் அவளுக்குச் சோறு போட்டது மாட வீதி அல்ல, கிறிஸ்தவர்களான எங்கள் தபசு காலம். விபூதிப் புதனிலிருந்து பாஸ்கா என்கிற ஈஸ்டர் வரை நாற்பது நாள் எங்கள் வீடுகளில் இறைச்சி கிடையாது. கொஞ்சம் பக்தி முற்றிய வீடுகளில் மீனும் கிடையாது. என் வீடு அந்த ரகம். ரசத்துக்கும் மோருக்கும் தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமல் நாக்கு செத்துக் கிடக்கும்போது சொர்ணத்தின் கூவல் தெருவில் கேட்கும். "வடகம், சோத்து வடகம்" என்று இழுத்துக் கூவுவாள். அந்த நாற்பது நாள் வியாபாரத்தை வைத்துக்கொண்டுதான் கல்யாணம் இல்லாத ஆடியையும் வெயில் இல்லாத ஐப்பசி, கார்த்திகையையும் அவள் கடப்பாள். இது எனக்கு அப்போதே நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

1930-ஆம் வருஷம், தபசு காலத்தின் முதல் ஞாயிறு. எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் தன் பெண் கல்யாணத்துக்கு அழைத்திருந்தார். வடக்கு மாட வீதியில் பெரிய வீடு. அய்யர் வீட்டுச் சாப்பாட்டில் இறைச்சிக்கு இடமேது, தபசு கெடாது என்று சந்தோஷமாகப் பூசை முடிந்ததும் கிளம்பினேன். அங்கவஸ்திரத்துக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

பந்தி பந்தியாக ஆட்கள் உட்கார்ந்து எழுந்தார்கள். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. மூன்றாவது பந்தியும் எழுந்த பிறகு கணக்கு வாத்தியாரே வந்தார்.

"காஸ்பர் சார், நம்மாத்துப் பெரியவாள்ளாம் கொஞ்சம் பழைய காலம். தப்பா நெனச்சுக்கப்படாது. அந்தப் பக்கம் தனியா போடச் சொல்லியிருக்கேன். சங்கோஜப்படாம சாப்பிடணும்."

அந்தப் பக்கம் என்பது மாட்டுக் கொட்டகையை ஒட்டிய தாழ்வாரம். நானும் பள்ளிக்கூடத்துப் பியூனும் உட்கார்ந்தோம். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை, பாயசம் இரண்டு தடவை வந்தது. பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். பரிமாறிய பையன் தயங்கித் தயங்கி, "மாமா, எலைய நீங்களே எடுத்துண்டு போய்ப் பின்னால போட்டுடணும்" என்றான். பியூன் உடனே எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனுக்குப் பழக்கம். இருபது வருஷம் பையன்களை எழுந்து நிற்கச் சொன்ன நான், என் எச்சில் இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தேன். சாம்பார் சொட்டி என் அங்கவஸ்திரத்தில் விழுந்தது.

கொல்லையில் சொர்ணம் இருந்தாள். மலை மாதிரி பாத்திரம், நடுவில் அவள். என்னைப் பார்த்ததும் சாம்பல் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து ஓடி வந்தாள்.

"குடு சார். படிச்சவரு எல எடுக்கக்கூடாது" என்று என் கையிலிருந்து இலையை வாங்கிக்கொண்டாள்.

வாங்கினவள் அதிலிருந்த சோற்றை வழித்துப் பக்கத்திலிருந்த ஓலைக் கூடையில் போட்டாள். கூடையில் இன்னும் எத்தனையோ இலைகளின் சோறு கிடந்தது. இலையை மடித்து வேறொரு கட்டில் வைத்தாள். அவளுக்குப் பின்னால் ஈரத்துணி போட்டு மூடிய பித்தளைத் தவலை ஒன்று இருந்தது. அதையும் பார்த்தேன். அதில் என்ன என்று கேட்க ஒரு நிமிஷம் போதும். நான் கேட்கவில்லை. அந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது.

வழியெல்லாம் வெந்துகொண்டே வந்தேன். கணக்கு வாத்தியார் மேல் கோபம் என்றுதான் அன்றைக்கு எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. நான் இலை ஏந்தி நின்றதை ஒருத்தி பார்த்துவிட்டாள், அதுவும் எங்கள் தெருவிலேயே இருக்கிறவள் பார்த்துவிட்டாள், இரக்கப்பட்டு வேறு வாங்கிக்கொண்டாள். அந்த இரக்கத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தால் எண்ணெய் வாசனை. என் மனைவி ஜெசிந்தா வடகம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"அதைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டு" என்றேன்.

"ஏன், என்ன ஆச்சு?"

"சொர்ணம் எச்சில் இலையிலிருந்து சோறு வழிக்கிறதை என் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன். அவங்க தின்ன மிச்சத்தைத்தான் நமக்கு அரைச்சு விக்கிறா."

முதல் வாக்கியம் நான் பார்த்தது. இரண்டாவது நான் கட்டியது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். மாட வீதியில் வாய் திறக்கத் துப்பில்லாமல், வீட்டுக்கு வந்து இளைத்தவள் தலையில் மிளகாய் அரைத்தேன்.

ஜெசிந்தா வாணலியை இறக்கி வைத்தாள். சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தேசம்மாவிடம் சொன்னாள். தேசம்மா மீன் கூடைக்காரி. மறுநாள் விடியற்காலை கரையில் மீன் ஏலம் முடிவதற்குள் குப்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது. புதன்கிழமைக்குள் கோயில் தெரு, கச்சேரி ரோடு, மாட வீதி என்று சுற்றி வந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வெள்ளிக்கிழமை சொர்ணம் கூடையோடு வந்தபோது தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. நான் திண்டில் சாய்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கூவல் தெருக்கோடி வரை போய் அப்படியே திரும்பி வந்தது. நான் தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

பத்து நாள் கழித்து அவளே என்னைத் தேடி வந்தாள். வாசற்படிக்கு வெளியே நின்றாள்.

"சார், எனக்கு ஒரு நோட்டீசு எழுதிக் குடுக்கணும். யாரோ எலச் சோத்துல வடகம் போடறன்னு சொல்லிக்கினு கீறாங்க. எலச் சோறு ஆட்டுக்கு சார். அண்டாச் சோறு வேற, எலச் சோறு வேற. அண்டாச் சோத்த நான் ஈரத்துணி போட்டு மூடித்தான் எடுத்தாருவேன். நீயே அன்னிக்குப் பாத்தியே."

நீயே பார்த்தாயே என்று அவள் சாட்சிக்குக் கூப்பிட்டது என்னை.

"எவன் சொன்னானோ, அவன் நாக்கு அழுவிப் போவணும்" என்றாள். சொன்னதும் அவளுக்கே கூச்சமாகிவிட்டது. "மன்னிச்சிக்க சார், உன் எதிர்ல கெட்ட வார்த்த பேசிட்டேன்."

நான் மன்னித்தேன். அதாவது தலையை ஆட்டினேன்.

வந்து பார் என்று கூப்பிட்டாள். மாட்டேன் என்று சொல்ல முகாந்திரம் கிடைக்காமல் போனேன். குடிசைக்குப் பின்னால் நாலு ஆடும் நேற்றைய கல்யாண இலைகளைத் தின்றுகொண்டிருந்தன. ஓலைக் கூடைச் சோறு அவற்றின் தொட்டியில் கிடந்தது. ஆடு தள்ளிவிட்ட நடு நரம்புகளை வெயிலில் காய வைத்திருந்தாள், அது அடுப்புக்கு. ஆட்டுப் புழுக்கை கீரைப் பாத்திக்குப் போனது. சாம்பலும் புளிச்சக்கையும் மறுபடி கல்யாண வீட்டுப் பித்தளைக்கே போய்ச் சேரும். தேங்காய் மட்டையைக் கயிறு திரிக்கிறவர்கள் வாங்கிப் போவார்கள். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், அந்த இடத்தில் குப்பை என்று சொல்ல ஒரு கைப்பிடி இல்லை. வடகம் மட்டும்தான் மூன்று சாக்கு நிறைய, வாங்க ஆளில்லாமல் சுவரோரம் நின்றது.

நோட்டீஸ் வேண்டாம் என்றேன். "வடகம் வாங்குகிறவளுக்குப் படிக்கத் தெரியாது, படிக்கத் தெரிந்தவன் வடகம் வாங்கமாட்டான்" என்று ஒரு கெட்டிக்காரப் பேச்சுப் பேசினேன். என் கையெழுத்தில் அந்தப் பொய்யை மறுத்து எழுதப் பயம், வேறொன்றுமில்லை.

அவள் யோசித்தாள்.

"அப்ப ஒண்ணு செய் சார். ஞாயித்துக்கெயம பூச முடிஞ்சி எல்லாரும் வெளிய வர்ற சொல்ல, என் கையால ஒரு வடகம் வாங்கித் துன்னு. நான் சொன்னா எவன் கேப்பான்? நீ துன்னா ஊரே துன்னும்."

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பதை அவள் எனக்குச் சொல்லித் தரவில்லை. அது அவளுக்குத் தெரிந்த கணக்கு, அவ்வளவுதான். சரி என்றேன். அந்த ஞாயிறு எனக்குத் தலைவலி. அடுத்த ஞாயிறு கோயிலின் பக்கவாசல் வழியாக வெளியேறினேன். அதற்கடுத்த ஞாயிறும் பக்கவாசல்தான். சொர்ணம் மூன்று வாரமும் தகர டப்பாவோடு பெரிய வாசலில் நின்றதாக ஜெசிந்தா சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் அடுக்களைக்குள் போய்விட்டாள். அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. அவள் பங்கும் அதில் இருந்ததால் வாய் திறக்கவில்லை.

பாஸ்காவுக்கு முந்தின பரிசுத்த வாரத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சின்னச் சின்னப் பாவங்களை வரிசையாகச் சொல்லி நடுவில் இதையும் ஒளித்து வைத்துச் சொன்னேன். சாமியார் மற்றவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டார்.

"திருடின பொருளைத் திருப்பிக் கொடுக்காமல் மன்னிப்பு இல்லை என்று பையன்களுக்கு ஞானோபதேசம் சொல்லித் தருகிறீர் அல்லவா? திருடின பெயரும் அப்படித்தான். யார் முன்னால் எடுத்தீரோ அவர்கள் முன்னால் கொடுத்துவிடும்."

பாஸ்கா ஞாயிறு. பூசை முடிந்து ஜனங்கள் புதுத் துணியோடு பெரிய வாசலில் குவிந்து நின்றார்கள். நான் நேரே சொர்ணத்திடம் போனேன். அவள் டப்பாவைத் திறந்தாள். ஒரு வடகத்தை எடுத்து எல்லோரும் பார்க்கக் கடித்தேன். உரக்கச் சொன்னேன்.

"இவள் வடகம் அண்டாச் சோற்றில் போட்டது. இலைச் சோறு ஆட்டுக்குப் போகிறது. நான் போய்ப் பார்த்தேன். வேறு விதமாகச் சொன்னது பொய்."

அவ்வளவு சொன்னேன். அந்தப் பொய்யைச் சொன்னது யார் என்பதை மட்டும் வடகத்தோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். ஊருக்கும் அது அதற்குள் மறந்துவிட்டிருந்தது, ஆளாளுக்குத் தாங்களே பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். தேசம்மா முதல் ஆளாக டப்பாவில் கை வைத்து, "ஒரு ஏழைக்காக இப்படி வந்து நிக்க காஸ்பர் வாத்தியாரை விட்டா யாரு?" என்றாள். பலரும் என் தோளைத் தட்டினார்கள். சொர்ணம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாவம் செய்தவனுக்கு அவமானம்தான் தண்டனை என்று படித்திருக்கிறேன். எனக்குப் புகழ் கிடைத்தது. அதைவிட மோசமான தண்டனை எதுவும் இல்லை.

பாஸ்கா வந்துவிட்டது, தபசு முடிந்துவிட்டது, இனி யாருக்கு வேண்டும் வடகம்? ஆளுக்கொரு வாய் தின்று புகழ்ந்துவிட்டு, எல்லோரும் இறைச்சிக் குழம்புக்கு வீட்டுக்குப் போனார்கள். நானும் போனேன். நாற்பது நாள் கழித்து வந்த ஆட்டுக்கறியை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அவள் குடிசைப் பக்கம் போனேன். முழுவதையும் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். ஆட்டுத் தொட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"ஆடு எங்கே?"

"வித்துட்டேன் சார். பாஸ்காவுக்கு நல்ல வெல. கசாப்புக்கடக்காரரு சனிக்கெயமயே நாலையும் ஓட்டிக்கினு போயிட்டாரு. வடகம் போவல, அப்புறம் மழக்காலத்துக்கு நான் இன்னா பண்ணுவேன்?"

எங்கள் தெருவுக்கு இருந்தது அந்த ஒரு கசாப்புக்கடைதான். சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பி வந்து, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கிணற்றடிக்குப் போய் வாய் கொப்பளித்தேன். எத்தனை கொப்பளித்தாலும் அந்தக் கறியின் ருசி போகவில்லை.

ஆடு போனதும் இலை எடுக்க அவளுக்கு வேலையில்லை. சுப்பராயன் இலைகளை வீதியில் எறிய ஆரம்பித்தான், நாயும் ஈயும் மொய்த்தன. எரு இல்லாமல் கீரைப் பாத்தி வெறும் மணலாயிற்று. மூன்று சாக்கு வடகத்தில் பாதி ஐப்பசி மழையில் பூஞ்சணம் பூத்தது. மறு வருஷத் தபசில் ஊர் மறுபடி வாங்க ஆரம்பித்ததென்னவோ உண்மை, ஆனால் ஒரு குட்டி வாங்கி வளர்த்து நாலு ஆடாக்க அவளுக்கு அதற்குமேல் மூன்று வருஷம் பிடித்தது. ஒரு வாய்ச் சொல்லுக்கு இவ்வளவு நீளம்.

அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் விபூதிப் புதனுக்கு முந்தின நாள் அவள் என் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். மந்தார இலையில் கட்டிய பொட்டலம், அந்த வருஷத்து முதல் வடகம். காசு வாங்கமாட்டாள். "மொத மொத உனக்கு குடுத்துட்டுத்தான் சார் மத்தவங்களுக்கு. நீ குடுத்த பேரு" என்பாள். ஜெசிந்தா அதைப் பொரிக்கும்போது நான் வெளியே போய்விடுவேன். ஒவ்வொரு வருஷமும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். ஒவ்வொரு வருஷமும், இவ்வளவு நாள் கழித்துச் சொல்லி அவள் மனசை எதற்குப் புண்படுத்த வேண்டும் என்று ஒரு நியாயம் கண்டுபிடிப்பேன். கோழைக்கு நியாயத்துக்கா பஞ்சம்?

1936-இல் வந்தபோது காலை இழுத்து இழுத்து வந்தாள். முழங்கால் வீங்கியிருந்தது. பொட்டலம் சின்னதாக இருந்தது. அதை வாசற்படிமேல் வைத்தாள்.

"இந்த வருசம் குந்திக்கினு கிள்ளி வைக்க முடியல சார். கொஞ்சம்தான் ஆச்சு. விக்கறதுக்குக்கூட இன்னும் எடுக்கல. உனக்கு மட்டும் கொண்டாந்தேன்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"சொர்ணம், அந்தப் பேச்சை முதல்முதல் கிளப்பினது நான்தான்."

அவளுக்கு உடனே புரியவில்லை. எந்தப் பேச்சு என்பது போலப் பார்த்தாள். பிறகு புரிந்தது. அழவில்லை, திட்டவுமில்லை. நாக்கு அழுகட்டும் என்று அன்றைக்குச் சொன்னதை மறுபடி சொல்வாள் என்று காத்திருந்தேன், சொன்னால் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உன் கையிலேர்ந்து நான் எல வாங்கினேனே, அன்னிக்கா?"

"ஆமாம்."

கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, படிமேல் வைத்த பொட்டலத்தை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வருஷமும் அதற்கு அடுத்த வருஷங்களிலும் அவள் எங்கள் தெருவில் வடகம் விற்றாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதாகத் தெரியவில்லை. ஊர் இன்றைக்கும் என்னைப் பெரிய மனசுக்காரன் என்றுதான் சொல்கிறது. நான் மட்டும் தபசு காலத்தில் வெறும் மோர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டு காது கொடுத்துக் கேட்பேன். தேசம்மா வீட்டு வாசல் வரை கூவிக்கொண்டு வருவாள். எங்கள் வாசலில் கூவல் நிற்கும். காலை இழுக்கிற சத்தம் மட்டும் மெதுவாகக் கடந்து போகும். அடுத்த வீட்டு வாசலில் "வடகம், சோத்து வடகம்" என்று மறுபடி தொடங்கும்.